பென்சில் நிரல்

பெறுபேறு வந்த ராத்திரி இணையம் இறுகிக் கிடந்தது.
விடிய நாலரைக்குத்தான் இளகியது.
ஐந்துக்கே கடையைத் திறந்தேன்.
பெரியநீலாவணை, பிரதான வீதி,
மாவட்டம் மாறுகிற பலகைக்குக் கொஞ்சம் தெற்கே.
அந்தப் பலகையைத் தாண்டினால் கல்லாறு.
அங்கே வெட்டுப்புள்ளி வேறு.

ஒரு தாள் இருபது ரூபா.
தாளுக்காக யாரும் வருவதில்லை.
லாச்சிக்குள் கிடக்கும் நீல மட்டைக் கொப்பிக்கு வருகிறார்கள்:
பன்னிரண்டு வருசக் கணக்கு,
இடப்பக்கம் மட்டக்களப்பு, வலப்பக்கம் அம்பாறை,
நாலாம் தசமத்தானம் வரைக்கும்.
ஒரு வருசம் இந்தப் பக்கம் இறங்கும்,
மறுவருசம் அந்தப் பக்கம்.
மாரியில் கடல் எவ்வளவு உள்ளே வந்ததென்று
வேலிக்கட்டையை எண்ணுகிறவன் மாதிரி
எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

முதல் பக்கத்து மூலையில்
பேர் போடாத ஒரு புள்ளி.
மூன்றாம் சையில் வந்தது.
யாருடையது என்று கேட்டால்
"எழுதிப் பார்த்தது" என்பேன்.

ஏழு மணிக்கு மருதமுனை ஹிமாயா,
அவளுடைய நானாவின் மோட்டார் சைக்கிளில்.
1.8742.
மெஷினிலிருந்து தாள் சூடாக வந்துகொண்டிருந்தது.
கொப்பியை விரித்தேன், மூன்று வருசத்தைக் கூட்டினேன், பிரித்தேன்.
"பயப்பிடாத புள்ள, கிடைக்கும்."
நானா மிச்சக் காசை வாங்கவில்லை.

பதினொன்றரைக்கு விதுர்ஷிகா.
தகப்பனின் ஓட்டோ வெளியே,
எஞ்சினை நிறுத்தாமல், அவர் இறங்காமல்.
டோகாவிலிருந்து தாய் அனுப்பும் குரல் ஒவ்வொன்றாய்
அவர் மடியில் டிங் என்று விழுந்தது.

அவள் தாளை நீட்டவில்லை. முதலில் கேட்டாள்:
"ஹிமாயா வந்தவளா அண்ணே?"
"வந்தவள்."
"என்ன சொன்னீங்க?"

கல்முனையில் ஒரே டியூசன், ஒரே வாங்கு.
ஒருத்தியின் கொப்பியில் மற்றவளின் கையெழுத்து இருக்கும்,
அதை இந்த மெஷினில் நானே கொப்பி அடித்திருக்கிறேன்.

தாளை வாங்கிப் பார்த்தேன்.
1.8749.

ஏழு.
பத்தாயிரத்தில் ஏழு.
ஒரு கட்டமைப்பு வினாவில் அரை வரி,
ஒரு எம்சிக்யூவில் அழித்துத் திரும்பப் போட்ட புள்ளடி.
காலையில் நான் "கிடைக்கும்" என்று கொடுத்த கதிரையில்
இவள் நிழல் விழுந்தது.

"எனக்கு முன்னால எத்தனை பேர் அண்ணே?"

என் கடைக்கு வந்ததில் ரெண்டு பேர் என்றேன்.
சம்மாந்துறையில் எத்தனை, எனக்குத் தெரியாது.
அக்கரைப்பற்று தெரியாது, திருக்கோவில் தெரியாது,
உகணையில் சிங்களத்தில் எழுதி
இப்போது பால்சோறு தின்றுகொண்டிருக்கும் பிள்ளை யாரென்று
எனக்கு எப்படித் தெரியும்?
என் மாவட்டம் இந்த மேசையின் அகலம்.
இதை ஏன் காலையில் சொல்லவில்லை?

அவள் கொப்பியைத் தன் பக்கம் திருப்பினாள்.
விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தாள்.
"இந்த வருசம் மட்டும் ஏன் இவ்வளவு பாய்ஞ்சது?"
தெரியாது புள்ள.
"இது?"
அதுவும்.
பிறகு மூலையைத் தொட்டாள்.
ஒன்றும் கேட்கவில்லை.

போகும்போது விண்ணப்பக் கையேடு இரண்டு வேண்டுமென்றாள்.
ஒன்று ஹிமாயாவுக்காம்,
"நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் நிரப்புவம்."
வெளியே தகப்பன் கேட்பது கேட்டது:
"அம்மாக்கு என்ன சொல்ல?"
"பாப்பம் எண்டு சொல்லுங்க."
ஓட்டோ வடக்கே திருப்பி, பலகையடியில் வளைந்து,
தெற்கே போனது.

எட்டு மணிக்குக் கதவை இழுக்கும்போது ஹிமாயாவின் நானா.
வாழையிலையில் சுற்றிய மஸ்கட், இன்னும் இளஞ்சூடு.
"நீங்க சொன்னதெண்டு ஊரெல்லாம் சொல்லிட்டம்."

வாங்கினேன். வாங்காமல் எப்படி.
விளக்கைத் திரும்பப் போட்டேன்,
கொப்பியில் இந்த வருசத்துக்கு ஒரு நிரல் கீறினேன்,
பென்சிலால், இரண்டு பக்கமும் வெறுமையாய்.
விரலில் இருந்த நெய்
அம்பாறைப் பக்கத்தில் பட்டுவிட்டது.
அந்த இடத்தில் இனிப் பென்சில் பிடிக்காது.